கர்ப்பப்பை யாருடைய சொத்து?

"பிள்ளை பெற்றாகிவிட்டது, இனி அந்தப் பை எதற்கு?" என்று புருஷனிடமும் மாமியாரிடமும் பேசி முடித்துவிட்டு, கடைசியில் பெண்ணிடம் கையெழுத்துக்கு மாத்திரம் வருகின்ற வழக்கம் நம் நாட்டை விட்டு இன்னும் ஒழிந்தபாடில்லை. கர்ப்பப்பையில் கட்டி உண்டாகி மாதாமாதம் இரத்தம் கொட்டிச் சோர்ந்து கிடப்பவளின் கஷ்டத்தை நாம் அறியாதவர்களல்ல. சிலருக்குப் பையை எடுப்பதே தக்க வைத்தியமென்பதையும் மறுக்கவில்லை. வேறு வழியும் உண்டு என்கின்ற சங்கதியை அவளிடம் சொன்னீர்களா என்றுதான் கேட்கின்றோம்.

கட்டி வளருவது இரத்தத்தைத் தின்றுதான். தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, எக்ஸ்ரே படத்தில் பார்த்துக்கொண்டே கர்ப்பப்பைக் குழாய் வரையில் கொண்டுபோய், பாலிவினைல் ஆல்கஹால் என்பது போன்ற பொருளாலான, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துகள்களை விடுகிறார்கள். அவை இரத்த ஓட்டத்தோடு போய்க் கட்டியின் குழாய்களை அடைத்துக்கொள்ள, தீனியற்ற கட்டி சுருங்குகிறது. பை இருந்த இடத்திலேயே இருக்கிறது! பாரிஸில் ரவினா என்ற டாக்டரும் அவர் கூட்டத்தாரும், ஆபரேஷனில் இரத்தம் அதிகம் போகாதிருக்கவே இதை முதலில் செய்தார்கள். செய்தபின் பலருக்கு ஆபரேஷனே வேண்டியிராமற் போகக் கண்டு 1995-ல் வெளியிட்டார்கள்.

2007-ல் வெளியான பிரிட்டிஷ் பரிசோதனையில் 157 பெண்கள். அடைப்பு வைத்தியம் செய்துகொண்டவர்கள் ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் 1 நாளும், ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 5 நாளும் இருந்தார்கள். ஒரு வருஷம் கழித்து இரு சாராரின் சௌக்கியமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால், அடைத்துக்கொண்டவர்களில் சிலருக்கு மறுபடியும் வைத்தியம் வேண்டியிருந்தது. சில நாள் வலியும் உண்டு. இன்னும் பிள்ளை வேண்டுமென்பவள் நன்றாய் யோசிக்க வேண்டும். இந்த நல்லது கெட்டது அத்தனையையும் அவளிடமே சொல்லுங்கள் என்கின்றோம்.

"அவளுக்கு என்ன தெரியும்?" என்பார்கள். புருஷனுக்குப் பல் பிடுங்கப் பெண்டாட்டியிடமா கையெழுத்து வாங்குகிறார்கள்? மகாராஷ்டிரத்துப் பீட் ஜில்லாவில் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கர்ப்பப்பையைப் பறிகொடுத்த செய்தி 2019-ல் ஊரெல்லாம் நாறிற்றே! மாதவிடாயால் ஒரு நாள் வேலை போனாலும் கூலி போகுமென்கின்ற பயமும் அதற்கு ஒரு காரணம். அங்கே யாருக்கு என்ன தெரிந்திருந்தது?

தோழர்களே, இன்னொன்று. இந்த அடைப்பு வைத்தியத்தைச் செய்பவர் ஆபரேஷன் செய்கின்ற பெண்கள் வைத்தியரல்ல, ரேடியாலஜி டாக்டர். தன் கடையில் இல்லாத சரக்கை எந்த வியாபாரி வலிய எடுத்துச் சொல்லுவான்? ஆகையால் கையெழுத்துப் போடுமுன், ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டு அந்த டாக்டரையும் போய்க் கேட்கும்படி உங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லுங்கள். கூடப் போகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு போங்கள்.