கற்பிக்கும் வைத்தியருக்கு யார் சாட்சி?

வன்னியிலே வயல் வரம்பில் கமக்காரர் ஒருவரைக் கண்ணாடிப் புடையன் தீண்டிவிட்டதென வைத்துக்கொள்வோம். கிராமத்து வைத்தியசாலையில் ஆய்வுகூடம் இல்லை. இளம் வைத்தியர் சிறிதளவு இரத்தத்தை உலர்ந்த தூய கண்ணாடிக் குழாயிலிட்டு, அசையாது 20 நிமிடம் வைத்துப் பின் சரித்துப் பார்க்கிறார். இரத்தம் உறையவில்லை. விடம் ஏறிவிட்டதெனத் தெளிகிறார். குழாயைச் சவர்க்காரமிட்டுக் கழுவியிருந்தால் இச்சோதனையே பொய்த்திருக்கும். அந்த நுணுக்கத்தைக் கட்டிலருகே நின்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்? உயிர்தப்பிய கமக்காரர் அறியார். பல்கலைக்கழகமாவது அறியுமா?

ஆராய்ச்சிக் கட்டுரைகளை எண்ணிவிடலாம். அவை அச்சிலே கிடக்கின்றன. கற்பித்தல் அச்சேறுவதில்லை. பதவி உயர்வில் அதற்கும் புள்ளியுண்டே என்பர். உண்டுதான். ஆயின் ஆதாரம் யாது? விரிவுரை நடந்த மணித்தியாலக் கணக்கும், மாணவர் நிரப்பும் படிவமும்! நீதிமன்றத்திற் பல்லாண்டு நின்ற எமக்கு இவ்வாதாரம் போதாது. படிவம் நிரப்பும் மாணவன் இன்னும் ஒரு நோயாளியையேனும் தனித்து ஏற்காதவன். அவன் மெச்சுவது பெரும்பாலும் பரீட்சைக்கு உதவும் குறிப்பையே. (அவனைக் குறைகூறோம், நாமும் அவ்வாறே சட்டம் படித்தோம்.)

1847இல் இலங்கை வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் சாமுவேல் கிறீனை நாம் இன்றும் நினைப்பது எதனால்? ஆங்கிலத்திற் பயின்றோர் உத்தியோகம் தேடி வெளியூர் போவதைக் கண்டு, அவர் தமிழிலே கற்பிக்கத் தொடங்கினார். பாடநூல் இல்லையென்று கைவிரித்தாரில்லை. மாணவர் துணையோடு 1867இல் ‘இரண வைத்திய’த்தையும் 1872இல் ‘மனுஷ அங்காதிபாத’த்தையும் தமிழாக்கி வெளியிட்டார். அவர் உருவாக்கிய வைத்தியர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். அவர்தம் கைராசியே அவருக்குச் சாட்சி.

யாழ்ப்பாண மருத்துவ பீடம் 1978இல் தோன்றியது. மின்சாரமற்ற ஆண்டுகளிலும், விரிவுரையாளர் தட்டுப்பாட்டிலும் அது வைத்தியர்களை ஆக்கித் தந்தது. அவர்களுட் பலர் இன்று மூத்த வைத்தியர்கள். பட்டம் பெற்று ஐந்தாண்டு மாவட்ட வைத்தியசாலைகளிற் கடமையாற்றியோரைப் பீடம் எழுத்தில் கேட்கட்டும்: நள்ளிரவிலே கைகொடுக்க எவருமில்லாதபோது எந்த ஆசிரியரின் சொல் நினைவுக்கு வந்தது? அவ்வாக்குமூலங்களைக் கொண்டே ஆண்டுதோறும் சிறந்த ஆசிரியரைத் தெரிக. தெரிந்தபின் பொன்னாடை போர்த்திப் புகைப்படமெடுத்து அனுப்பிவிடலாகாது. பதவி உயர்வில் அத்தெரிவு கட்டுரைகளுக்கு நிகராக எடைபோடப்படல் வேண்டும்.

இன்னொன்று. போதனா வைத்தியசாலையில் மாணவருக்குக் கற்பிக்கும் நிபுணர்களுட் பலர் சுகாதார அமைச்சின் ஊழியர்; பல்கலைக்கழகப் பதவி உயர்வு அவர்களைச் சேராது. விடிகாலையில் மாணவரை நோயாளியின் கட்டிலருகே அழைத்துச் செல்வோர் பெரும்பாலும் அவர்களே. சாட்சிகள் அவர்கள் பெயரையும் சொல்வார்கள். ‘எமது பட்டியலில் அவர் இல்லை’ என்று பீடம் அப்போது மறுமொழி கூறலாகாது.