மாதம் ஒரு நூல்

நுழையும்முன்

தொலைவில் வாழும் வாசகர்களை இணையம் ஒரே கூடத்தில் அமர்த்தியிருக்கிறது. மாதந்தோறும் ஒரு நூலைத் தேர்ந்தெடுத்து, அதனைப் படித்து, திரையின் வழியே கூடிப் பேசும் வாசிப்புக் குழுக்கள் இன்று பல உள்ளன. அடுத்த மாதத்திற்குரிய நூலை எவ்வாறு தேர்வது என்னும் வினா சிறியதாகத் தோன்றலாம். பலர் கூடி ஒன்றைத் தீர்மானிக்கும் இடமெங்கும் எழும் வினாவும் அதுவே.

கூடிப் படிக்கும் மரபு

பலர் கூடி ஒரு நூலைக் கேட்பதும் படிப்பதும் தமிழருக்குப் புதியவை அல்ல. புதிய நூல்கள் அவையோர் முன்னிலையில் அரங்கேறின. ஊர்ப் பொதுவிடங்களில் ஒருவர் பாரதம் படிக்க, மற்றவர் கேட்டுப் பொருள் உணர்ந்தனர். ஒரே ஏட்டைப் பலர் காதால் படித்த காலம் அது.

அச்சு நூல்கள் வந்தபின் இவ்வழக்கம் வேறு வடிவம் பெற்றது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1727இல் நண்பர் குழு ஒன்றை அமைத்தார். அக்குழுவினரின் உரையாடலுக்கு நூல்கள் தேவைப்பட்டன. தனித்தனியே வாங்கும் வசதி பலருக்கு இல்லை. எனவே, 1731இல் ஐம்பது பேர் ஆளுக்கு நாற்பது ஷில்லிங் செலுத்தி, பொதுவான நூலகம் ஒன்றைத் தொடங்கினர். பணம் சேர்ந்தவுடன் அவர்கள்முன் நின்ற முதல் வினா, எந்த நூல்களை வாங்குவது என்பதே. அந்நகரில் மிகுந்த கல்வியறிவு உடையவராக மதிக்கப்பட்ட ஜேம்ஸ் லோகனின் அறிவுரையை அவர்கள் நாடினர்.

இன்றைய இணையக் குழுவுக்கு வாடகைக் கட்டடம் வேண்டியதில்லை. சென்னையில் மாலை ஏழரை மணியாகும்போது சிங்கப்பூரில் இரவு பத்து மணி. கனடாவின் டொராண்டோவில் அப்பொழுதுதான் காலை. மூன்று ஊர்களிலும் உள்ள தமிழ் வாசகர்கள் ஒரே வேளையில் ஒரே நூலைப் பற்றிப் பேச முடிகிறது. ஆயினும், பிராங்க்ளினின் நண்பர்கள் எதிர்கொண்ட வினா மாறவில்லை. எதைப் படிப்பது? அதனை யார் முடிவு செய்வது?

ஒருவர் தெரிவும் ஊரின் தெரிவும்

கற்றறிந்த ஒருவரிடம் தெரிவை ஒப்படைப்பது எளிய வழி. தொடக்க நிலை வாசகர்களுக்கு அது பெரிதும் உதவும். எந்தத் துறையில் எந்த நூல் சிறந்தது என அறியாதவர்கள், அறிந்தவரைக் கேட்பதில் தவறில்லை. ஆனால், ஒருவரே ஆண்டு முழுவதும் தேர்ந்தெடுத்தால் அவருடைய சுவையே குழுவின் சுவையாகிவிடும். அவர் விரும்பாத துறைகள் குழுவின் கண்ணுக்குத் தெரியாமலே போகும். மற்றவர்கள் படிப்பார்கள், ஆனால் தேடமாட்டார்கள். நூலகத்தின் அடுக்குகளுக்கிடையே தானே தேடி நூலைக் கண்டெடுக்கும் திறன், பயிற்சியின்றித் தேய்ந்துவிடும்.

எல்லாரும் கூடித் தேர்வதும் எளிதன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பொது நூலகத்தைச் சேர்ந்த நான்சி பேர்ல் 1998இல், நகர மக்கள் அனைவரும் ஒரே நூலைப் படித்தால் எப்படியிருக்கும் என்னும் திட்டத்தைத் தொடங்கினார். இதனைப் பல நகரங்கள் பின்பற்றின. சிகாகோ நகரம் 2001இல் ஹார்ப்பர் லீ எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்டு’ என்னும் புதினத்தைப் படித்தது. அடுத்த ஆண்டு நியூயார்க் நகரில் இதே முயற்சி நிகழ்ந்தபோது, தெரிவுக்குழுவினர் இரு நூல்களுக்கிடையே பிளவுபட்டனர். சாங் ரே லீ எழுதிய புதினத்தை ஒரு சாராரும், ஜேம்ஸ் மெக்பிரைடு எழுதிய தன்வரலாற்று நூலை மற்றொரு சாராரும் முன்மொழிந்தனர். நகரம் முழுவதற்கும் ஒரே நூல் என்னும் நோக்கம் கைகூடவில்லை. இரண்டும் நல்ல நூல்களே. நல்ல நூல் கிடைப்பது மட்டும் போதாது, அதனைத் தேர்வதற்கு முன்பே ஒப்புக்கொண்ட முறை ஒன்றும் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

முறை என்றவுடன் பலரும் வாக்கெடுப்பையே நினைப்பர். குழுவில் மூன்று நூல்களின் பெயர்கள் இடப்படுகின்றன; ஆளுக்கு ஒரு வாக்கு; மிகுதியான வாக்குப் பெற்ற நூல் வெல்கிறது. இதில் நடுநிலைமை முழுமையாக இருப்பதுபோலத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை வேறு.

பதினைந்து பேர் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்ளலாம். அவர்கள்முன் ஒரு புதினம், ஒரு சிறுகதைத் தொகுப்பு, ஒரு பயணநூல் ஆகிய மூன்றும் உள்ளன. ஆறு பேருக்குப் புதினம் முதல் விருப்பம், சிறுகதை இரண்டாவது, பயணநூல் கடைசி. ஐந்து பேருக்குப் பயணநூல் முதலாவது, சிறுகதை இரண்டாவது, புதினம் கடைசி. எஞ்சிய நால்வருக்குச் சிறுகதை முதலாவது, பயணநூல் இரண்டாவது, புதினம் கடைசி. ஆளுக்கு ஒரு வாக்கு எனில், ஆறு வாக்குகளுடன் புதினம் வெல்லும். ஆனால், பதினைந்து பேரில் ஒன்பது பேர் கடைசியாக வைத்த நூல் அது. வெற்றி பெற்ற நூலைப் பாதிக்கு மேற்பட்டோர் விருப்பமின்றியே கையில் எடுப்பர். சிலர் எடுக்காமலே விடுவர்.

இக்குறையைப் பிரெஞ்சு அறிஞர் போர்தா 1770இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் எடுத்துரைத்தார். வாக்காளர் ஒவ்வொருவரும் தம் விருப்பங்களை வரிசைப்படுத்த வேண்டும். இடத்திற்கேற்ப மதிப்பெண் வழங்கிக் கூட்ட வேண்டும் என்பது அவர் முன்வைத்த தீர்வு. மேற்கண்ட குழுவில் முதலிடத்திற்கு இரண்டு, இரண்டாமிடத்திற்கு ஒன்று, கடைசிக்குச் சுழியம் என மதிப்பெண் அளித்தால், புதினம் 12, பயணநூல் 14, சிறுகதைத் தொகுப்பு 19 எனப் பெறும். மிகக் குறைவான முதல் வாக்குகளைப் பெற்ற சிறுகதைத் தொகுப்பே, ஒருவராலும் ஒதுக்கப்படாத நூல் என்பது இப்போது புலனாகிறது. வாக்குகள் மாறவில்லை, கேட்கப்பட்ட வினா மாறியது. ‘உமக்கு மிகவும் பிடித்தது எது?’ என்று மட்டும் கேட்பதைவிட, ‘இவற்றை எவ்வாறு வரிசைப்படுத்துவீர்?’ என்று கேட்பது கூடிப் படிப்போருக்கு ஏற்றது.

இம்முறையும் குறையற்றது அன்று. மூவர் மூன்று நூல்களைச் சுழற்சியாக விரும்பினால், முதல் நூல் இரண்டாவதை வெல்லும். இரண்டாவது மூன்றாவதை வெல்லும். மூன்றாவது மீண்டும் முதல் நூலை வெல்லும். இம்முரணைக் கொந்தோர்சே என்னும் அறிஞர் 1785இல் விளக்கினார். எண்ணிக்கை ஓரளவுக்கே வழிகாட்டும். அதற்குமேல் விட்டுக்கொடுத்தலும் முறைவைத்தலும் தேவைப்படுகின்றன.

உத்திரமேரூர் தரும் பாடம்

முறைவைத்தலுக்குத் தமிழகத்திலேயே ஒரு சான்று உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். முதலில் தகுதி; பின்னர்த் திருவுளச்சீட்டு. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர்கள் மீண்டும் பங்குபெற இயலாது என்னும் விதியும் இருந்தது. பொறுப்பு ஒருவரிடமே தங்கிவிடாமல் சுழல வேண்டும் என்பதே அதன் கருத்து.

வாசிப்புக் குழுவுக்கு இம்முறை நன்கு பொருந்தும். ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு முன்மொழியும் பொறுப்பு வரட்டும். அவர் மூன்று நூல்களைக் குறிப்புடன் முன்வைக்கட்டும். குழுவினர் அவற்றை வரிசைப்படுத்தட்டும். சமநிலை ஏற்பட்டால் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாம். முன்மொழிந்தவர், மற்ற அனைவரும் முறைபெறும்வரை மீண்டும் முன்மொழியாதிருக்கட்டும். அதிகம் பேசுவோரின் குரலே குழுவின் குரலாகிவிடும் நிலையை இது தடுக்கும். கூட்டத்தில் வாய் திறவாத உறுப்பினரும் ஆண்டில் ஒருமுறை, ‘இதனை நாம் படிக்க வேண்டும்’ என்று சொல்லும் உரிமை பெறுவார்.

உத்திரமேரூர் முறையின் எல்லையையும் மறத்தல் ஆகாது. நிலமும் மனையும் உடையோருக்கே அங்குத் தகுதி இருந்தது. குடத்துக்குள் பெயர் இடப்படாதவர்கள் ஊரில் பலர் இருந்தனர். இன்றைய குழுவும் தனக்குள் அவ்வினாவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெளியே நிற்பவர் யார்?

ஒரு நூல் தேர்ந்தெடுக்கப்படும்போதே, அதனைப் பெற இயலாதவர்கள் வெளியேற்றப்படுகின்றனர். எண்ணூறு ரூபாய் விலையுள்ள நூல் ஒருவருக்கு ஒரு வேளை உணவகச் செலவு. மற்றொருவருக்கு ஒரு மாதப் பேருந்துச் செலவு. அச்சில் இல்லாத நூல் நகரத்து வாசகருக்குப் பழைய புத்தகக் கடையில் கிடைக்கலாம். சிற்றூர் மாணவருக்கு அவ்வழி இல்லை. வெளிநாட்டில் இருப்பவருக்கோ, நூல் வந்து சேர்வதற்குள் அம்மாதமே முடிந்துவிடும். ‘படிக்க நேரமில்லை’ என்று சொல்லி விலகும் உறுப்பினர் சிலர், உண்மையில் நூலைப் பெற முடியாதவர்களாக இருக்கலாம். அதனை வெளியே சொல்ல அவர்கள் கூசுவர்.

இதற்குக் கள்ளப்படியைப் பகிர்வது தீர்வாகாது. வாழும் எழுத்தாளரின் உழைப்பைத் திருடி அவரைப் பற்றிப் பேசுவது முறையன்று. நேர்மையான வழிகள் பல உள்ளன. நாட்டுடைமையாக்கப்பட்ட படைப்புகளை இணையவழியில் தடையின்றிப் படிக்கலாம். 1998இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் வழங்கி வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் திறந்தே இருக்கிறது. கிளை நூலகங்களில் படிகள் உள்ளனவா என்று பார்த்தபின் நூலை முன்மொழியலாம். ஓராண்டின் பன்னிரண்டு நூல்களில் பாதியேனும் செலவின்றிக் கிடைப்பவையாக அமையுமாறு திட்டமிடலாம்.

சீர்காழியில் பிறந்து நூலகவியலுக்கு அடித்தளமிட்ட சீர்காழி இராமாமிர்தம் அரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் அமைய வேண்டும் என்றும் வலியுறுத்தினார். வாசகரின் காலம் வீணாகாமல் காக்கப்பட வேண்டும் என்பதும் அவர் விதிகளுள் ஒன்று. முந்நூறு பக்க நூலை ஒரு மாதத்தில் முடிக்க நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் போதும். ஐந்து பாகங்களைக் கொண்ட ‘பொன்னியின் செல்வன்’ போன்ற புதினத்திற்கு அவ்வளவில் ஒரு மாதம் போதாது. பாகத்திற்கு ஒரு மாதமாகப் பகுத்துக்கொள்ளலாம். தேர்வுக் காலத்தில் மெல்லிய நூலைத் தேர்வதும் விடுமுறையில் பெரிய நூலைத் தேர்வதும் இவ்விதியைப் போற்றுவதே ஆகும்.

விரும்பாத நூலின் பயன்

இவ்வளவு முயற்சி எதற்கு, அவரவர் விரும்பியதை அவரவர் படித்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவ்வுரிமை எவருக்கும் உண்டு. தனிவாசிப்பே வாசிப்பின் வேர். ஆனால், இணைய வணிகத் தளங்கள் முன்பு வாங்கியவற்றைக் கணக்கிட்டு, அவற்றை ஒத்த நூல்களையே மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. துப்பறியும் கதை படித்தவருக்கு மேலும் ஒரு துப்பறியும் கதை. வரலாறு படித்தவருக்கு மேலும் ஒரு வரலாறு. வாசகர் தம் நேற்றைய விருப்பத்துக்குள்ளேயே சுற்றிவருகிறார். அவ்வட்டத்தை உடைப்பவர், தம்மினும் வேறுபட்ட சுவையுடைய மற்றொரு வாசகரே.

அறிவியல் மாணவி முன்மொழிந்த பறவையியல் நூலை இலக்கியம் விரும்பும் மாணவர் படிக்க நேர்கிறது. கவிதையை அஞ்சி விலகியவர், நண்பரின் பொருட்டு ஒரு தொகுப்பைத் திறக்கிறார். பிடிக்காமல் போகலாம், அப்போதும் இழப்பில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பதைப் பக்கம் சுட்டிச் சொல்லத் தெரிவதே திறனாய்வின் தொடக்கம். ஆகவே, நூலை விரும்பாதவரையே உரையாடலில் முதலில் பேச அழைக்கலாம். பாதியில் நிறுத்தியவரும் எந்தப் பக்கத்தில், எக்காரணத்தால் நிறுத்தினார் என்று கூறலாம். முன்மொழிந்தவரும் அதனைத் தம்மேல் வைத்த குறையாகக் கொள்ளாமல் கேட்கப் பழக வேண்டும்.

பிறருக்காக ஒரு நூலைத் தேர்வது, பிறரைப் பற்றிச் சிந்திப்பதே ஆகும். அவருக்கு இது கிடைக்குமா, இதனைப் படிக்க அவருக்கு நேரம் இருக்குமா, இது அவருக்கு எதனைப் புதிதாகத் தரும் என்று எண்ணாமல் நல்ல தெரிவு அமையாது. பிறர் தேர்ந்த நூலை ஏற்பது, தம் விருப்பத்தை ஒரு மாத காலம் ஒத்திவைக்கப் பழகுவதாகும். இவ்விரண்டு பழக்கங்களும் ஊராட்சி மன்றத்திற்கும் சட்டமன்றத்திற்கும் குடும்பத்திற்கும்கூடத் தேவையானவை. பதினைந்து மாணவர்கள் கைப்பேசி வழியே கூடி அடுத்த மாதத்து நூலைத் தேர்ந்தெடுக்கும் அரைமணி நேரத்தில், அவற்றைப் பயிலத் தொடங்கலாம்.