அபராதம் யாருடையது?



திண்டுக்கல் ஒரு வணிக நகர். பூட்டும் தோலும் அதற்குப் பழம்புகழ் தேடித் தந்தவை. காய்கறியும் பூவும் சின்ன வெங்காயமும் இன்றும் பலருக்குப் பிழைப்பளிப்பவை. கரூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், பழனியையும் திருச்சியையும் இணைக்கும் 83ஆம் எண் நெடுஞ்சாலையும் இவ்வூர் வழியே செல்கின்றன. ஆகவே லாரி இல்லாத திண்டுக்கல்லை நினைத்துப் பார்ப்பதே அரிது. நம் பங்குகளில் லாரி ஓட்டிப் பிழைப்போர் உண்டு. லாரிக்கு உரிமையாளர் உண்டு. லாரியில் வரும் சரக்கை வாங்கி விற்போரும் உண்டு. இம்மூவரும் ஞாயிறுதோறும் ஒரே பலிபீடத்தைச் சூழ்ந்து நிற்கின்றனர். மூவரையும் ஒருங்கே மனத்திற்கொண்டு இம்மாதம் எழுதுகிறோம்.

நகரின் உட்சாலைகள் தேரும் மாட்டு வண்டியும் ஓடிய காலத்தவை. ரத வீதி என்னும் பெயரே அதற்குச் சான்று. அவ்வீதிகளில் இன்று பள்ளிப் பிள்ளைகளும், சைக்கிளில் வேலைக்குச் செல்வோரும், கடைக்கு வரும் தாய்மாரும், பத்து டன் சுமந்து வரும் லாரியும் ஒரே நேரத்தில் இடம் தேடுகின்றனர். இதனாலேயே நகரங்களில் குறித்த நேரங்களில் கனரக வாகனங்கள் நுழையலாகாது எனத் தடை விதிக்கப்படுகிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 115ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. பொது மக்களின் பாதுகாப்பையும் வசதியையும் முன்னிட்டோ, சாலை அல்லது பாலத்தின் தன்மையை முன்னிட்டோ, வாகனங்களைக் கட்டுப்படுத்த அது அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது.

தடையை மீறினால் என்ன? தனித் தண்டனை குறிக்கப்படாத பிழைகளுக்குரிய 177ஆம் பிரிவின்படி முதன்முறை 500 ரூபாய் வரையும், மறுமுறை 1,500 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. 115ஆம் பிரிவின் கீழ் விதித்த கட்டுப்பாட்டை மீறியதாக 194ஆம் பிரிவில் வழக்குப் பதிவானாலோ தொகை 20,000 ரூபாய். 2019ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தம் இவ்வாறு உயர்த்தியது.

இந்த 194ஆம் பிரிவின் சொற்களைச் சற்று ஊன்றி நோக்குவோம். வாகனத்தை ஓட்டுபவரை மட்டும் அது குறிப்பிடவில்லை. ஓட்டச் செய்பவரையும், ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. சட்டம் எழுதியோர் உண்மையை அறிந்தே எழுதியிருக்கின்றனர்.

ஆனால் நடப்பது யாது? "கடை திறக்கும்முன் சரக்கு இறங்கியாக வேண்டும், இல்லையேல் வாடகையில் பிடிப்பேன்" என்கிறார் வணிகர். "எப்படியாவது போய்ச் சேர்" என்கிறார் உரிமையாளர். வழியில் டயர் வெடித்தோ, ஏற்றுமிடத்தில் காக்க வைத்தோ இரண்டு மணி நேரம் தாமதமாகிறது. தடை நேரம் தொடங்கிவிட்டது. ஊருக்கு வெளியே நிறுத்தினால் வசவு. உள்ளே நுழைந்தால் அபராதம். இரவெல்லாம் கண்விழித்த ஓட்டுநர் நுழைகிறார், பிடிபடுகிறார். ரசீது உரிமையாளர் கைக்குப் போகிறது. தொகை ஓட்டுநரின் பேட்டாவில் கழிகிறது. அவசரம் ஒருவருடையது, இலாபம் மற்றொருவருடையது, தண்டனையோ மூன்றாமவருடையது. இதை நீதி என்று நாம் சொல்லலாமா?

பணத்தோடு முடிந்தால் போகட்டும் எனலாம். உயிரும் போகிறதே! 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னைப் பெரம்பூரில், தாயுடன் ஸ்கூட்டரில் பள்ளிக்குச் சென்ற பத்து வயதுச் சிறுமி தண்ணீர் லாரியின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். கனரக வாகனங்களுக்குத் தடை விதிக்கப்பட்ட நேரம் அது. ஓட்டுநர் கைதானார், தடையைச் செயற்படுத்தத் தவறியதாகப் போக்குவரத்துக் காவல் அதிகாரி பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். அந்த நேரத்தில் அந்த லாரிக்காகக் காத்திருந்தவர் யாரோ, அவரை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வேறு வழி உண்டா எனில், உண்டு. இலண்டன் மாநகரில் 1985ஆம் ஆண்டு முதல் பெரிய லாரிகளுக்கு இரவிலும் வார இறுதியிலும் கட்டுப்பாடு உள்ளது. அதனை மீறினால் லாரியை இயக்கும் நிறுவனத்திற்கு ஒரு தண்டம், ஓட்டுநருக்கு மற்றொன்று எனத் தனித்தனியே வகுத்தனர். நிறுவனத்திற்கு 550 பவுண்டு, ஓட்டுநருக்கு 130 பவுண்டு என்று விதிக்கப்பட்டது. அனுப்பியவரின் பொறுப்பு ஓட்டியவரின் பொறுப்பைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் என்பது அதன் பொருள்.

திருச்சபையின் போதனையும் இதற்கு அயலானதன்று. மனித உழைப்பைப் பற்றிப் புனித இரண்டாம் யோவான் பவுல் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட சுற்றுமடல், நேரடியாக வேலை கொடுப்பவரோடு 'மறைமுக வேலை கொடுப்பவர்' என ஒருவரையும் காட்டுகிறது. கூலியைக் கையில் கொடுக்காவிடினும், வேலையின் நிலைமைகளை நிர்ணயிப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்பது அதன் கருத்து. உரோமைத் திருப்பீடம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட சாலைப் பயண வழிகாட்டியில் ஓட்டுநருக்கெனப் பத்துக் கட்டளைகள் உள்ளன. அவற்றுள் இறுதியானது பிறர் மட்டில் பொறுப்புணர்வைப் பற்றியதே. பிறர் தோளில் பாரத்தை ஏற்றிவிட்டுத் தாம் ஒதுங்கி நின்றோரை நம் ஆண்டவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதையும் நாம் அறிவோம்.

எனவே நம் குடும்பங்களுக்குச் சில சொல்வோம். வணிகரே, சரக்கு வரும் நேரத்தைத் தடை நேரத்திற்கு வெளியே குறித்துக்கொள்ளுங்கள். தாமதமானால் புறவழிச் சாலையருகே நிறுத்தி, சிறு வண்டியில் மாற்றிக்கொள்ளும் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். உரிமையாளரே, உங்கள் சொல்லுக்குக் கீழ்ப்படிந்ததால் வந்த அபராதத்தை ஓட்டுநரின் கூலியில் கழிக்காதீர்கள். உழைத்தவன் கூலியைப் பிடித்து வைப்பது விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களுள் ஒன்றென்று ஞானோபதேசத்தில் கற்றோமன்றோ? ஓட்டுநரே, அபராதத்திற்குப் பயந்து கையூட்டுக் கொடுத்து நுழையாதீர்கள். கையூட்டு காவலரை விலகச் செய்யலாம்; தெருவில் நடக்கும் குழந்தையை விலகச் செய்யாது. 'இந்நேரம் உள்ளே வர இயலாது' என்று சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும்; அப்படிச் சொன்னவரை வேலையை விட்டு நிறுத்தாத நேர்மை உரிமையாளருக்கு வேண்டும்.

குடும்பச் செபத்தில் பயணம் செய்வோருக்காக மன்றாடும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. இம்மாதம் அச்செபத்தை முடித்தபின், நம் வீட்டிற்கும் கடைக்கும் பொருள் கொண்டு வருபவர் எந்நேரத்தில், எவர் வற்புறுத்தலால் வருகிறார் என்று வீட்டுத் தலைவர் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். நாம் அவசரப்படுத்தியதால் வந்த அபராதமாயின், அதைக் கொடுக்க வேண்டியவர் நாமே.