ஃபிளாப் மறிக்கும் கதவு

மிதவை விமான விபத்து எண்டதும் வானத்திலிருந்து விழுந்து நொறுங்கிற படம்தான் பலருக்கு மனதில் வரும். கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2011இல் சொன்ன கணக்கு வேறை. அதற்கு முந்தைய இருபது வருடங்களில், விபத்துக்குள்ளாகி நீரில் அமிழ்ந்த விமானங்களில் இறந்தவர்களில் ஏறத்தாழ 70 வீதமானோர் மூழ்கித்தான் இறந்தார்கள். மோதினபோது அவர்களுக்கு மூச்சு இருந்தது. அதை "விமான விபத்து" எண்டு மட்டும் எழுதிப்போட்டு ஃபைலை மூடுவது நியாயமா?

2009 நவம்பர் 29, பிரிட்டிஷ் கொலம்பியாவின் சற்றூனா தீவு. கிளம்பின கையோடு ஒரு பீவர் விமானம் கடலில் விழுந்தது. எட்டுப் பேரில் ஆறு பேர் உள்ளேயே மூழ்கினார்கள், அதில் ஒரு கைக்குழந்தை. நாலு கதவில் இரண்டு இறுகிப்போய்த் திறக்கவில்லை. விசாரணைச் சபை இரண்டு விஷயம் கேட்டது. ஒன்று, மோதலுக்குப் பிறகும் சட்டெனத் திறக்கக்கூடிய வெளியேறும் வழி. மற்றது, பயணிகள் உயிர்காப்பு அங்கியை அணிந்தே இருப்பது. 2019இல் வந்த விதியில் அங்கி இருந்தது, விமானிகளுக்கான நீருக்கடிப் பயிற்சியும் இருந்தது. கதவைப் பற்றிக் கட்டாயம் எதுவும் இல்லை. பத்து வருசம் யோசிச்சுச் செலவு குறைஞ்ச பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் எண்டுதான் நான் வாசிக்கிறன்.

நீரில் இறங்குவது ஓடுபாதையில் இறங்குவது மாதிரி இல்லை. அலையே இல்லாத கண்ணாடித் தண்ணீர்தான் பார்க்க வடிவு, ஆனால் விமானிக்கு அதுதான் பொல்லாதது: தன் உயரம் எவ்வளவு எண்டு கண்ணுக்குப் பிடிபடாது. பாதி அமிழ்ந்து மிதக்கிற மரக்கட்டை, படகு கிளப்பிவிட்ட அலை, பக்கக் காற்று எல்லாம் உண்டு. சில்லும் மிதவையும் சேர்ந்த விமானத்தில் சில்லை உள்ளே இழுக்க மறந்து தண்ணீரில் இறங்கினால் மூக்குக் குத்தி அப்படியே குப்புறக் கவிழும். கவிழ்ந்த கபினுக்குள் மேல் கீழாகிவிடும். பதறி சீற் பெல்ட்டை முதலே கழற்றினவருக்குக் கதவு எந்தப் பக்கம் எண்டே தெரியாது. உள்ளே தண்ணீர் நிறையும்வரை வெளி அழுத்தம் கதவைத் திறக்க விடாது. அங்கியை உள்ளேயே ஊதினால் அது ஆளைத் தூக்கிப்போய் மேலே ஒட்டவைக்கும். 1996இல் கொமொரோஸ் கடலில் விழுந்த எதியோப்பிய விமானத்தில் இப்படித்தான் பலர் போனார்கள், அது மிதவை விமானமே இல்லை எண்டாலும்.

இனி செஸ்னா 206. அதன் வலப்பக்கப் பின் இரட்டைக் கதவின் முன்பாதிக்கு நேரே இறக்கையின் ஃபிளாப் இருக்கிறது. இறங்கும்போது ஃபிளாப் கீழே போகும். போனால் அந்த முன்பாதி கொஞ்சம்தான் திறக்கும். பின்பாதியைத் திறக்கிற கைபிடி எங்கே எண்டு தலைகீழாக, இருட்டில், தண்ணீருக்குள் தேட வேண்டும். அதாவது எந்த நேரத்தில் விபத்து நடக்கச் சாத்தியம் கூடவோ அந்த நேரத்தில்தான் இந்தக் கதவு அடைபடுகிறது! 2018 ஓகஸ்ட் 16, கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் லிற்றில் டொக்டர் ஏரி. இறங்கும்போது விமானம் கவிழ்ந்தது. விமானியும் ஒரு பயணியும் வெளியே வந்தார்கள், மூன்று பயணிகள் வரவில்லை. இது அன்றைக்குக் கண்டுபிடித்த குறை இல்லை, பல வருசமாகத் தெரிந்த குறை. அதற்குப் பிறகுதான், கதவைத் திருத்தாவிட்டால் ஆட்களைக் குறையுங்கள் எண்டு சபை கேட்டது.

"பழைய டிசைன், அந்தக் காலச் சான்றிதழ், மாற்றினால் காசு" எண்டு சொல்லுவினம். பீவர் முதலில் பறந்தது 1947இல், உண்மைதான். ஆனால் அதே பீவருக்குத் தள்ளினால் கழன்றுவிழும் ஜன்னல் சந்தையில் இருக்கிறது, சட்டம் சொல்லாமலே பூட்டின கம்பனிகளும் இருக்கு. அப்ப முடியாதது எது? என்ஜினைப் புதுசாக்கலாம், பெயின்ற் அடிக்கலாம், சுற்றுலாப் பயணிக்குப் பெரிய ஜன்னல் வைக்கலாம், அந்த ஜன்னல் கழன்று விழ மட்டும் வழியில்லையாம்.

எங்கட கொக்கல வாவியிலும் காசல்ரீ நீர்த்தேக்கத்திலும் மிதவை விமானம் இறங்கியிருக்கிறது. வன்கூவரில் சொந்தக்காரரைப் பார்க்கப் போற சனமும் இதில் ஏறும். ஏறினால் ஃபோனில் படம் எடுக்க முதல் கதவுக் கைபிடியை ஒருக்கால் தொட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் திருப்புவது, ஃபிளாப் இறங்கியிருந்தாலும் திறக்குமா, ஜன்னல் கழலுமா எண்டு விமானியைக் கேளுங்கள். அவர் சிரித்து மழுப்பினால் இறங்கி ரிக்கெற் காசைத் திருப்பிக் கேளுங்கோ.