மூக்கால் குடிச்ச பீர்!

"கிளென்மார்கன் போறேன்"னு ஹாஸ்டல்ல சொன்னதுதான் தாமதம். "எத்தனை வருஷ சரக்கு மச்சி?"ன்னு கேட்டான் ரூம்மேட். பாஸ், அது சரக்கு இல்ல, ஊரு! ஊட்டி பக்கத்துல இருக்கிற டீ எஸ்டேட். 'கிளென்'னா ஸ்காட்லாந்துக்காரங்க பாஷையில பள்ளத்தாக்கு. அந்த ஊர் விஸ்கி பாட்டில் பலதுலயும் இந்த வார்த்தை ஒட்டிக்கிட்டு இருக்கும். அதனால அவனை மன்னிச்சு விட்டுட்டேன்.

ஆனா அவன் வாய் முகூர்த்தம்... போன வீட்டுல நிஜமாவே ஒரு பாட்டில் காத்திருந்தது. ஃப்ரெண்டோட மாமா கப்பல்ல வேலை பார்க்கிறவர், லீவுக்கு வந்தப்ப கொண்டு வந்தது. பேரு 'ஓலா டூ'. டாக்ஸி இல்லீங்க, கேலிக் மொழியில 'கறுப்பு எண்ணெய்'னு அர்த்தம்! ஸ்காட்லாந்தோட ஹார்வியஸ்டன் கம்பெனி 2007-ல ஆரம்பிச்ச பீர். ஸ்டவுட்டுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்னு வெச்சுக்கங்க. சாதாரண பீர்ல ஆல்கஹால் 5 சதவிகிதம்னா இதுல 8. ஹைலேண்ட் பார்க் விஸ்கி இருந்த பழைய பீப்பாய்ல இதை ஊற வைக்கிறாங்க. லேபிள்ல '12'னு போட்டிருந்தா அது பீரோட வயசு இல்ல, முன்னாடி அந்தப் பீப்பாய்ல குடியிருந்த விஸ்கியோட வயசு.

என் வயசு 20. தமிழ்நாட்டுல 21 ஆகணும். (எடிட்டர் சார், நோட் பண்ணிக்கங்க!) "அப்ப மூக்கை மட்டும் விடு"ன்னு மாமா கண்ணாடி டம்ளர்ல ரெண்டு விரல் ஊத்திக் கொடுத்தார். உள்ளங்கையில பிடிச்சு கொஞ்சம் சூடு பண்ணணுமாம். முதல்ல கருப்பட்டி காபி வந்தது. அப்புறம் தீயிற அப்பளம். கடைசியா பாட்டி வீட்டு விறகடுப்பு, அதுவும் மழையில நனைஞ்ச விறகு!

இந்தப் புகை எப்படி வருதுன்னா, 'பீட்'னு ஒண்ணு இருக்கு. ஈர நிலத்துல செடி கொடி பல ஆயிரம் வருஷமா பாதி மக்கி, கறுப்பா படிஞ்சு கிடக்கும். அதை வெட்டி, காய வெச்சு எரிச்சு, அந்தப் புகையில பார்லியை உலர்த்துறாங்க. குவையகால் மாதிரியான ஃபீனால்கள் பார்லியில ஏறி, விஸ்கிக்குப் போய், பீப்பாய் மரத்துல தங்கி, பீருக்கும் வந்துடுது. இதுல ஒரு ஆச்சர்யம்... நம்ம நீலகிரியிலயே பீட் இருக்கு! சாண்டிநல்லா பீட்டை ஆராய்ஞ்சு, 20 ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வரைக்குமான பருவநிலையைப் பத்தி ஆர்.சுகுமாரும் சக விஞ்ஞானிகளும் 1993-ல 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. அதை எரிச்சு சரக்கு காய்ச்சணும்னு யாருக்கும் தோணலை. நல்லவேளை!

அப்பத்தான் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தார் ஃப்ரெண்டோட அப்பா. ஒரு டீ ஃபேக்டரியில டீ மேக்கர். வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே முகம் மாறிடுச்சு. "என்னடா இது, ஸ்டவ் டியூப் ஓட்டையான வாசனை?"

டீ இலையை உலர்த்துற டிரையருக்கு விறகு அடுப்புலேர்ந்துதான் சூடு வரும். ஆனா காத்து வேற, புகை வேற. நடுவுல இருக்கிற குழாய்ல ஒரு கீறல் விழுந்தாலும் புகை இலையில ஏறிடும். மூணு வருஷத்துக்கு முன்னாடி, வேற ஒரு ஃபேக்டரியில இவர் நைட் ஷிஃப்ட்ல அதுதான் நடந்திருக்கு. கீறலை யாரும் கவனிக்கலை. மொத்த லாட்டும் 'புகை நாத்தம்'னு திரும்பி வந்துடுச்சு. பழி இவர் மேல. இன்க்ரிமென்ட் கட். அந்த வருஷம்தான் என் ஃப்ரெண்ட் இன்ஜினீயரிங் சேர்ந்தான். ஃபீஸுக்கு அம்மாவோட செயின் அடகுக்குப் போச்சு. மூணு வருஷமா அவன்கூட ஒரே பெஞ்ச்ல உட்கார்றேன், எனக்கு இது தெரியாது.

"இதுக்கு எவ்வளவு கொடுத்தே?"ன்னு கேட்டார். மாமா சொன்ன விலையைக் கேட்டு ரொம்ப நேரம் சிரிச்சார். "புகைக்கு காசு கொடுக்கிற ஊரும் இருக்கா!"

"ஒரு வாய் பாருங்க அத்தான்."

"ஐயோ, வேணாம்ப்பா. காலைல நாக்கால டீ பார்க்கணும்."

மறுநாள் காலையில சமையல்கட்டுல அம்மா அந்த டம்ளரை மூணாவது தடவையா தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. "எவன்டா இதுல பீடியை அணைச்சது?"