வலிக்காதுன்னு சொன்னது யாரு?

மாலை ஆறரை மணி, ஏதோ ஒரு குழந்தைகள் கிளினிக். டோக்கன் நம்பர் 14 உள்ளே போன அடுத்த நிமிஷம் ஒரு அலறல். வெளியே இருக்கும் 15-ம் 16-ம் அம்மா மடியில் ஏறிக்கொள்கின்றன. உள்ளே நடப்பதை எட்டிப் பார்க்கவே வேண்டாம். அப்பா கையைப் பிடிக்கிறார், நர்ஸ் காலைப் பிடிக்கிறார், அம்மா பொய் சொல்கிறார். "வலிக்கவே வலிக்காதுடா கண்ணா, எறும்பு கடிக்கிற மாதிரிதான்." வலிக்கிறது. கடைசியில் எல்லாரும் சேர்ந்து திட்டுவது யாரை? அந்த அஞ்சு வயசுக் குழந்தையை! "இவ்ளோ பெரிய பையன், வெக்கமா இல்ல?"

இதை டாக்டருக்கும் குழந்தைக்கும் நடக்கிற சண்டை என்று நினைப்பதுதான் முதல் தப்பு. சண்டை வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. சாதம் இறங்கவில்லையா? "டாக்டர் மாமாகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லவா?" தூக்கம் வரவில்லையா? அதே ஊசி. அந்தக் காலத்தில் பூச்சாண்டி பார்த்த வேலையை இப்போது எம்.பி.பி.எஸ். படித்த ஒரு மனிதர் தலையில் கட்டியாயிற்று, அதுவும் அவரைக் கேட்காமலேயே. வருஷம் முழுக்க தண்டனை என்று காட்டிய ஊசியை, காய்ச்சல் வந்த அன்றைக்கு மட்டும் மருந்து என்றால் எந்தக் குழந்தை நம்பும்?

"அதுக்காக அப்படியே விட்டுட முடியுமா? உயிர் முக்கியமா, அடம் முக்கியமா?" என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதே கேள்வியை வைத்து, டாக்டராகவும் கவிஞராகவும் இருந்த அமெரிக்கர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் ஒரு சிறுகதையே எழுதியிருக்கிறார். 'தி யூஸ் ஆஃப் ஃபோர்ஸ்' என்று பெயர், 1938-ல் வந்த தொகுப்பில் இருக்கிறது. மெடில்டா என்ற சின்னப் பெண்ணுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அவள் படிக்கும் பள்ளியில் டிப்தீரியா, அதாவது நம்மூர் தொண்டை அடைப்பான், பரவிக்கொண்டிருக்கிறது. தொண்டையைப் பார்த்தே ஆக வேண்டும். அவளோ வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள், டாக்டரின் கண்ணாடியைத் தட்டிவிடுகிறாள். அங்கேயும் அம்மா, டாக்டர் உன்னை வலிக்கச் செய்ய மாட்டார் என்கிறாள். டாக்டர் பல்லைக் கடிக்கிறார், அந்த 'வலி' என்ற வார்த்தையை எடுக்காமல் இருந்தாலே தன் வேலை நடந்திருக்கும் என்று. அப்புறம் அதட்டல், வெட்கமாக இல்லையா என்ற கேள்வி எல்லாம் உண்டு. நியூஜெர்ஸியா நம்மூரா என்றே சந்தேகம் வந்துவிடும்!

கடைசியில் அப்பா அழுத்திப் பிடிக்க, மரக்குச்சியை அவள் கடித்துத் துண்டாக்க, வாயில் ரத்தம். டாக்டர் விடவில்லை. ஸ்பூனை வைத்துத் திறந்து பார்த்தால் தொண்டையில் சவ்வு படர்ந்திருக்கிறது. ஆக, டாக்டர் செய்தது சரிதானே? நோயைப் பொறுத்தவரை சரி. ஆனால் ஒரு மணி நேரம் விட்டு வந்திருந்தால் நல்லது என்று தெரிந்தும் தான் நிறுத்தவில்லை, அந்த முரட்டுத்தனம் தனக்குச் சந்தோஷமாகவே இருந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். மருத்துவ அவசரம் எங்கே முடிந்து, ஒரு குழந்தையிடம் தோற்கக் கூடாது என்ற வீம்பு எங்கே ஆரம்பித்தது? நம்மூர் கிளினிக்குகளில் தடுப்பூசிக்கும் இதே மல்யுத்தம். அதில் அரை மணி நேரம் பொறுத்தால் யார் உயிர் போகும்?

உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி வலி பற்றி 2015-ல் சொன்னதும் பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. பெற்றவர் மடியில் வைத்துக்கொள்ளட்டும், மூணு வயசுக்கு மேல் என்றால் படுக்க வைக்காமல் உட்கார வைத்துப் போடுங்கள், சின்னக் குழந்தையின் கவனத்தைத் திருப்புங்கள், பொய்யான ஆறுதல் சொல்லாதீர்கள். இதற்கு ஆகும் செலவு பூஜ்யம். 'வலிக்காது' என்பதோ கடன். இன்றைக்கு ரெண்டு நிமிஷ அமைதி வரவு, அடுத்த ஊசிக்கு வட்டியோடு கட்ட வேண்டும். அஞ்சு வயசு ஊசி முடிந்தால் 10 வயதில் ஒன்று, 16-ல் ஒன்று என்று தவணை வேறு காத்திருக்கிறது.

டாக்டர்களும் தப்பிக்க முடியாது. வெளியே 40 டோக்கன் இருக்கலாம். சிரிஞ்சை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு "சும்மா பாக்கறேன்மா" என்பதற்கும், "ஊசி போடப்போறேன், அழணும்னா அழு, கையை மட்டும் ஆட்டாதே" என்பதற்கும் ஆகிற நேரம் ஒன்றுதான்.

மெடில்டா அந்த மூன்று நாளும் தொண்டை வலியை யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் மட்டுமா மறைத்தாள்? பக்கத்திலேயே இருந்த அம்மாவிடமும்தான்.