கையெழுத்துப்படி நீங்கலாக

வீடு இடிந்தால் நாம் கட்டுரை எழுதுகிறோம். 2012இல் திருவல்லிக்கேணியில் உ.வே.சாமிநாதையர் வாழ்ந்த 'தியாகராச விலாசம்' இடிக்கப்பட்டபோது எழுதினோம். 2025 மார்ச்சில் எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டின் கூரை சரிந்தபோது மறுபடியும் எழுதினோம். எல்லாக் கட்டுரைகளுக்கும் தொனி ஒன்றே: அரசுக்கு அக்கறையில்லை, சமூகத்துக்குச் சொரணையில்லை, வங்காளத்தைப் பாருங்கள், கேரளத்தைப் பாருங்கள். கையறுநிலை பாடுவதில் நமக்குள்ள தேர்ச்சி, ஒரு காப்பீட்டுப் பத்திரத்தை அதன் விதிவிலக்குப் பக்கம்வரை படித்துப் பார்ப்பதில் இல்லை. எங்கள் வாதம் அந்தப் பக்கத்தைப் பற்றியது.

இலக்கியத்துக்கும் இன்சூரன்சுக்கும் என்ன சம்பந்தம் என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் உண்டு. நெருப்புக்கும் நீருக்கும் கறையானுக்கும் இரையான சுவடிகளைப் பற்றி வாழ்நாளெல்லாம் நொந்து பேசியவர் உ.வே.சா. அவர் படத்துக்கு மாலை போடுகிறவர்கள் நெருப்பையும் நீரையும் பற்றிய பேச்சை இலக்கியத்துக்குப் புறம்பானது என்று ஒதுக்குவது விநோதம்.

முதலில், எந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறோம்? எழுத்தாளர் ஒருவர் மறைந்தபின் அவர் வீடு பெரும்பாலும் வாரிசுகளுக்குள் பாகமாகிறது, பிறகு கட்டுமானக்காரர் கைக்குப் போகிறது. மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ இருந்த வீட்டுக்கு ஈடாகக் கிடைத்த பங்கில் மகனோ பேத்தியோ தெற்குப் புறநகரில் ஒரு ஃபிளாட் வாங்குகிறார். மேடவாக்கம், மடிப்பாக்கம், பள்ளிக்கரணை. கடிதக்கட்டுகளும் நாட்குறிப்புகளும் திருத்தம் போட்ட கைப்பிரதிகளும் டிரங்குப் பெட்டியில் உடன் வருகின்றன. அதிர்ஷ்டம் இருந்தால் பரணில் ஏறுகின்றன, இல்லையென்றால் கட்டிலுக்கடியில். சுற்றுலாக் கையேடு காட்டும் நினைவில்லங்களில் மூக்குக்கண்ணாடியும் நாற்காலியும் சட்டமிட்ட புகைப்படங்களும் உள்ளன. எழுத்து இருக்கும் வீடு வேறு. தமிழின் வரலாற்றுச் சிறப்புமிக்க இல்லங்கள் எங்கே என்று எங்களைக் கேட்டால், அவற்றில் சில பள்ளிக்கரணையின் தரைத்தளக் குடியிருப்புகள் என்றே சொல்வோம்.

பள்ளிக்கரணை எத்தகைய இடம் என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்சென்னை ஏரிகளின் உபரிநீரெல்லாம் வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேரவேண்டிய சதுப்பு இது. 2022இல் 1,247 ஹெக்டேருக்கு ராம்சார் தகுதி கிடைத்தது. அதற்கு முன்பே சதுப்பின் பெரும்பகுதி குப்பைமேடும் சாலையும் கட்டடமும் ஆகிவிட்டது. நீர் தன் பழைய இடத்தை மறப்பதில்லை: 2015 டிசம்பரில் வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மீண்டும் வந்தது. வெள்ளம் வடிந்தபின் தெருவோரம் நனைந்த காகிதக் குவியல்கள் கிடந்ததை எங்களில் சிலர் பார்த்தோம். அவற்றில் எது பழைய பாடநூல், எது கைப்பிரதி என்று குனிந்து பார்த்தவர்கள் குறைவு.

இனிப் பத்திரத்துக்கு வருவோம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டளைப்படி 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்குத் தீக்காப்பீடு வழங்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியைத் தரவேண்டும். நல்ல ஏற்பாடு என்றே சொல்வோம். தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் இதில் அடக்கம். தொகையைக் குறைத்துக் காட்டிவிட்டீர்கள் என்று இழப்பீட்டை வெட்டும் பழைய வழக்கம் இதில் இல்லை. கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால், அத்தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்வரை, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே கிடைக்கும். ஆண்டுக் கட்டணம் பெரும்பாலும் ஒரு காருக்குக் கட்டுவதைவிடக் குறைவு.

ஆனால் விதிவிலக்குகளைப் படியுங்கள். பொன் வெள்ளிக் கட்டிகள், பதிக்காத மணிக்கற்கள், கையெழுத்துப்படிகள், வரைபடங்கள், ஆவணங்கள், காசோலைகள், வாகனங்கள், வெடிபொருள்கள் ஆகியவற்றுக்கு இழப்பீடு கிடையாது. கைப்பிரதிக்கும் வெடிமருந்துக்கும் ஒரே பந்தி! தொலைக்காட்சிப்பெட்டி நனைந்தால் பணம் வரும். ஒரு நாவலின் முதல் வரைவு நனைந்தால் வராது. இதில் சதி ஏதுமில்லை. சந்தையில் விலை காணமுடியாத பொருளைக் காப்பீட்டுக்காரர் தள்ளிவைக்கிறார், அது அவர் தொழில். அந்த வாசகத்தின் இறுதியில் வேறொன்றும் உள்ளது: பத்திரத்தில் வெளிப்படையாகக் குறிப்பிட்டாலொழிய. நமக்கான வாசல் அது ஒன்றே. அதைத் தட்டியவர் யார்? முகவர் சதுர அடி எவ்வளவு என்று கேட்கிறார், நாம் சொல்கிறோம், கையெழுத்துப் போடுகிறோம்.

தட்டுவதற்குச் சட்டத்தின் பக்கபலமும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி, 75 ஆண்டுக்குக் குறையாத பழமையும் இலக்கிய அல்லது வரலாற்று மதிப்பும் உள்ள கையெழுத்துப்படி ஒரு தொல்பொருள். பாலிசியிலோ ஓவியம், பழம்பொருள் போன்றவற்றை இருதரப்பும் ஒப்புக்கொண்ட மதிப்பில் தனியாகச் சேர்க்க விருப்பப் பிரிவு உண்டு. மொத்தம் 5 லட்சத்துக்குள்ளும் ஒவ்வொரு பொருளும் 1 லட்சத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ்கூடத் தேவையில்லை. இந்தப் பிரிவில் கைப்பிரதிகளைப் பெயர் சொல்லிச் சேர்த்து எழுத்தில் தரும்படி நிறுவனத்திடம் கேட்க வேண்டும். நனைந்த காகிதத்தைச் சீர்செய்யும் செலவும் அடங்குமா என்பதையும் கேட்க வேண்டும். மறுத்தால் அந்த மறுப்பையாவது எழுத்தில் வாங்கிக்கொண்டு அடுத்த நிறுவனத்தை அணுகலாம்.

சதுப்பை நிரப்பிய மனைகளில் குடியிருப்போர் இன்னொரு வரியையும் படிக்க வேண்டும். நிலம் அமிழ்வதற்கு இழப்பீடு உண்டு. ஆனால் செயற்கையாக நிரப்பிய நிலம் தாழ்ந்தாலோ நகர்ந்தாலோ கிடையாது. பள்ளிக்கரணையை மனத்தில் வைத்தே எழுதியதுபோல இருக்கிறது.

மெய்யாகவே பழைய வீட்டில் வாழ்பவர் நிலை வேறு. தொகையைக் கணக்கிடுவது தளப்பரப்பைக் கட்டுமானச் செலவால் பெருக்கி. எந்தக் கட்டுமானம்? தேக்கு உத்திரத்தின்மேல் சிறு செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரைக்குச் சிமென்ட் வீட்டின் விலையைப் போட்டால், தீக்குப்பின் கிடைப்பதும் சிமென்ட் வீட்டின் பணம்தான். பழைய முறையிலேயே திருப்பிக் கட்ட என்ன ஆகும் என்று மரபுக் கட்டடக்கலை அறிந்த பொறியாளரிடம் மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகைக்குக் காப்பீடு கேட்க வேண்டும். பிரிட்டனில் பட்டியலிட்ட கட்டடங்களுக்கு இது வழக்கம். அங்கும் 2015இல் தீக்கிரையான கிளாண்டன் பார்க் மாளிகை காப்பீடு செய்யப்பட்டிருந்தது. ஆனாலும் உள் அலங்காரங்களை முழுமையாக மீட்டெடுப்பதில்லை என்று நேஷனல் டிரஸ்ட் 2022இல் முடிவெடுத்தது. மூப்பால் சரியும் கூரைக்கு எந்த நிறுவனமும் பணம் தராது. உரிமையாளரே சம்மட்டி எடுக்கும்போது பேச்சுக்கே இடமில்லை.

பணம் வந்தால் கைப்பிரதி திரும்புமா என்று கேட்பார்கள். திரும்பாது. ஆனால் பத்திரத்தில் குறிப்பிடப் பெட்டியைத் திறந்தாக வேண்டும், ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டியலிட வேண்டும், படம்பிடிக்க வேண்டும். முப்பது வருடமாக எந்தப் பேராசிரியரும் செய்யாத வேலையைக் காப்பீட்டுப் படிவம் செய்யவைக்கும் என்றால் அந்தப் படிவத்துக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள். நனைந்த காகிதத்தில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும். அப்போது அவசரமாகச் செலவழிக்கக் கையில் பணம் இருப்பதும் அற்ப விஷயமன்று.

கட்டணத்தை யார் கட்டுவது என்பதில்தான் எங்களுக்குக் கோபம். தாத்தாவின் பெயரால் யாரோ முனைவர் பட்டம் வாங்க, பேத்தி மட்டும் ஆண்டுதோறும் தவணை கட்டவேண்டும் என்பது நியாயமாகாது. எழுத்துகளை நாட்டுடைமையாக்கிப் பரிவுத்தொகை தரும் அரசு, மூலத்தாள்கள் எங்கே இருக்கின்றன என்று ஒரு பட்டியல் கேட்டிருக்கலாம். நூற்றாண்டு விழா நடத்தும் அமைப்புகள் பொன்னாடைச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பைக் கொண்டு 1994இல் உருவான ஆராய்ச்சி நூலகம் பக்கத்துத் தரமணியில்தான் இருக்கிறது. பட்டியலிடவும் நகலெடுக்கவும் வழி கேட்க அவ்வளவு தூரம் போனால் போதும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். எங்கள் குழுவினர் இப்பகுதியில் இரண்டு குடும்பங்களிடம் பேசினோம். கட்டணத்தை நாங்கள் ஏற்கிறோம் என்றோம். ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வந்து பெட்டியைத் திறந்துகொள்ளச் சொல்லிவிட்டார்கள். இன்னொரு வீட்டில், அதெல்லாம் எதற்குங்க, இதுவரைக்கும் பாதிக்கு மேல தண்ணி வந்ததில்லை என்றார்கள். பாதி என்பது கட்டிலின் கால் அளவு.